ஜி.பி.ஏ. விழுந்துவிட்டதா? டாக்டர் கனவை மூட்டை கட்டாதீர்கள்!

மகனோ மகளோ அமெரிக்காவில் செட்டிலாகி இருக்கும் வீடுகளில், ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் வீடியோ கால் நிச்சயம். பேரன் காலேஜில் இரண்டாவது வருஷம். 'ப்ரீ-மெட் படிக்கிறான்' என்று நீங்களும் சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்திருப்பீர்கள். திடீரென்று ஒரு வாரம் பையன் திரைக்கு வரமாட்டான். ''தூங்கறாம்மா'' என்பாள் மகள். அடுத்த வாரமும் தூங்குவான். மூன்றாவது வாரம்தான் விஷயம் வெளியே வரும். ''ஆர்கானிக் கெமிஸ்ட்ரில 'சி' வாங்கிட்டான். ஜி.பி.ஏ. மூணுக்குக் கீழே போயிடுச்சு. இனிமே மெடிக்கல் ஸ்கூல் அவ்வளவுதான்னு ரூமைச் சாத்திக்கிட்டு உட்கார்ந்திருக்கான்...''

அவ்வளவுதானா? இல்லை. ஆனால், 'கவலைப்படாதே, எல்லாம் சரியாப் போகும்' என்று தட்டிக்கொடுத்து விட்டுவிடுகிற விஷயமும் இல்லை. சரிசெய்யலாம். அதற்கு ஒன்றரை, இரண்டு வருஷம் பிடிக்கும். அந்த இரண்டு வருஷத்தைக் கொடுக்க மனசில்லாமல் அவசரப்படுகிறவர்கள்தான் பணத்தையும் வாய்ப்பையும் சேர்த்துத் தொலைக்கிறார்கள்.

முதலில், அங்கே நடைமுறை என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊரில் ப்ளஸ் டூ முடித்து, நீட் எழுதி, நேராக எம்.பி.பி.எஸ். சேர்ந்துவிடலாம். அமெரிக்காவில் முதலில் நான்கு வருஷ டிகிரி. அதற்கப்புறம்தான் நான்கு வருஷ மெடிக்கல் ஸ்கூல். டிகிரி எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். சரித்திரம் படித்தவர்களும் டாக்டராகிறார்கள். பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, ஃபிஸிக்ஸ், பயோகெமிஸ்ட்ரி மாதிரி சில பாடங்களை மட்டும் படித்திருக்க வேண்டும். சேர்க்கும்போது அந்த நான்கு வருஷத்தின் மார்க்கு, எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு, ஆஸ்பத்திரி அனுபவம், பேராசிரியர்களின் சிபாரிசுக் கடிதம், நேர்முகத் தேர்வு எல்லாவற்றையும் பார்க்கிறார்கள்.

மார்க்கு என்றால் நூற்றுக்கு இவ்வளவு என்று இல்லை. 'ஏ' வாங்கினால் 4, 'பி' 3, 'சி' 2. அதன் சராசரிதான் ஜி.பி.ஏ. 2023-24ல் எம்.டி. படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 52,500 பேர். சேர்ந்தவர்கள் சுமார் 23,000 பேர். சேர்ந்தவர்களின் சராசரி ஜி.பி.ஏ. 3.77. அதாவது பெரும்பாலும் 'ஏ'; நடுவில் சில 'பி'. இதைப் பார்த்தால் 2.8 வைத்திருக்கிற பையன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். டிகிரிக்கு மொத்தம் சுமார் 120 கிரெடிட், வருஷத்துக்கு 30. மூன்று வருஷம் முடிந்து 90 கிரெடிட்டில் ஒருவனுக்கு 2.8 என்று வைத்துக்கொள்வோம். நான்காம் வருஷம் ராப்பகலாகப் படித்து, எல்லாப் பாடத்திலும் 'ஏ' வாங்குகிறான். ஒன்றுகூடத் தவறவில்லை. என்ன ஆகும்? 3.1. அவ்வளவுதான்! டிகிரி முடிந்த பிறகும் இன்னொரு வருஷம் படித்து அதிலும் முழுக்க முழுக்க 'ஏ' வாங்கினால்... 3.28.

இப்போது இன்னொருத்தியைப் பாருங்கள். முதல் வருஷமே சறுக்கி 2.0 வாங்கிவிட்டாள். உடனே சுதாரித்துக்கொண்டு மீதி மூன்று வருஷமும் 3.9 எடுக்கிறாள். கடைசியில் அவள் ஜி.பி.ஏ. 3.4-ஐத் தாண்டிவிடும். அதோடு, முதல் வருஷம் தரை, அப்புறம் மூன்று வருஷம் உச்சி என்ற அந்த ஏற்றம், மார்க்குப் பட்டியலைப் புரட்டுகிறவர்களின் கண்ணில் பளிச்சென்று படும். ஒரே 3.4 என்றாலும், மேலே ஏறி வந்த 3.4 வேறு, கீழே இறங்கி வந்த 3.4 வேறு.

ஆகவே, முதல் செமஸ்டரிலேயே ஆடிப்போனால் அப்போதே நிறுத்தி யோசிக்க வேண்டும். ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்று தெரிந்தால், குறிப்பிட்ட தேதிக்குள் அதிலிருந்து விலகிக்கொள்ளலாம். பட்டியலில் 'டபிள்யூ' என்று ஓர் எழுத்து விழும், ஜி.பி.ஏ. கணக்கில் சேராது. ஒன்றிரண்டு 'டபிள்யூ' இருந்தால் யாரும் தலையை எடுத்துவிட மாட்டார்கள். 'விலகினால் கேவலம்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து 'டி' வாங்குவதுதான் வினை.

''அதே பாடத்தைத் திரும்ப எழுதினா பழைய மார்க்கு போயிடுமாமே?'' என்று கேட்பீர்கள். போகாது. காலேஜில் பழைய மார்க்கை அழித்திருக்கலாம். ஆனால் எம்.டி. படிப்புக்கு விண்ணப்பம் வாங்கும் 'ஆம்காஸ்' அமைப்பு, இரண்டு தடவை எழுதியிருந்தால் இரண்டையுமே கணக்கில் சேர்த்துக்கொள்ளும். பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிஸிக்ஸ், கணக்கு இந்த நான்குக்கும் தனியாக ஒரு சராசரியும் போடும். இசையில் 'ஏ' வாங்கி ஆர்கானிக் கெமிஸ்ட்ரியை மறைக்க முடியாது! டி.ஓ. படிப்புக்கு (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) புது மார்க்கை மட்டும் எடுத்துக்கொள்ளும் சலுகை இருந்தது. 2017ல் அதையும் நிறுத்திவிட்டார்கள். பழைய ஆட்கள் சிலர் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். நம்பிவிடாதீர்கள்.

'சி'க்குக் கீழே வாங்கிய கட்டாயப் பாடத்தைத் திரும்ப எழுதித்தான் ஆகவேண்டும். 'சி ப்ளஸ்', 'பி மைனஸ்' என்றால் அதிலேயே உழல வேண்டாம். அதைவிடக் கஷ்டமான அடுத்த பாடத்தை எடுத்து அதில் 'ஏ' வாங்கிக் காட்டுவது நல்லது என்பது என் கட்சி.

முதலில் உடம்பைப் பாருங்கள்

இது ஆரோக்கியப் பத்திரிகை ஆயிற்றே, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். ஹைஸ்கூலில் முதல் ராங்க் வாங்கிய பிள்ளை காலேஜில் ஏன் விழுகிறது? 'செல்போன்', 'ஃப்ரெண்ட்ஸ்' என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். சில சமயம் அது உண்மைதான். பல சமயம் இல்லை.

ஹைஸ்கூலிலேயே ஏ.பி. பரீட்சைகள் எழுதி, காலேஜின் ஆரம்பப் பாடங்களைத் தாண்டி, நேராகப் பெரிய பாடத்தில் போய் உட்கார்ந்துவிடும் பிள்ளைகள் நம்மவர்களில் நிறைய. மாடிப்படியில் முதல் நாலு படியை விட்டு ஐந்தாவதில் கால் வைத்த கதை. இது ஒரு காரணம்.

மனச்சோர்வு பதினெட்டு, இருபது வயதில் தலைகாட்டுவது ரொம்பவே சகஜம். வீட்டை விட்டு முதல் தடவையாகத் தனியே இருக்கும் வயசு. காலையில் எழுந்திருக்க முடியாது. வகுப்புக்குப் போகப் பிடிக்காது. சாப்பாடு இறங்காது அல்லது அளவில்லாமல் இறங்கும். பார்ப்பவர்களுக்குச் சோம்பேறித்தனமாகத் தெரியும். அதேபோல கவனக்குறைபாடு... அம்மா பக்கத்தில் நின்று 'இதை முடி, அதை எடு' என்று சொல்லிக்கொண்டிருந்தவரை வெளியே தெரியாமல் இருந்துவிட்டு, ஹாஸ்டலில் போய் வெட்டவெளிச்சமாவது உண்டு. தைராய்டு கோளாறும் ரத்தசோகையும்கூட அசதியையும் மந்தத்தையும் கொண்டுவரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் சமாசாரம். இதையெல்லாம் பார்க்காமல் ''இன்னும் கஷ்டப்பட்டுப் படி'' என்றால், கால் ஒடிந்தவனை ஓடச் சொன்ன மாதிரிதான்.

காலேஜ்களில் மாணவர் மருத்துவ மையமும் கவுன்சலிங்கும் இருக்கும். 'கவுன்சலிங் போனது தெரிஞ்சா மெடிக்கல் ஸீட் கிடைக்காது' என்று ஒரு பயம் நம் குடும்பங்களில் உலவுகிறது. கவுன்சலரிடம் போனது விண்ணப்பத்தில் வராது. வாங்கிய 'எஃப்' வரும். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு லேசாக எட்டிப் பார்த்தால்கூட மார்க்கு, ஸீட் எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிடுங்கள். அமெரிக்காவில் 988 என்ற எண்ணுக்கு 24 மணி நேரமும் போன் செய்யலாம், மெஸேஜும் அனுப்பலாம். 2022 ஜூலையிலிருந்து இது நாடு முழுக்க நடைமுறையில் இருக்கிறது. பிள்ளை செய்யத் தயங்கினால் பெற்றவர்கள் செய்து ஆலோசனை கேட்கலாம்.

இன்னொரு விஷயம். அங்கே காலேஜில் சேர்ந்துவிட்டால், பிள்ளையின் மார்க்கைப் பெற்றோருக்குக் காட்டச் சொல்லி காலேஜைக் கட்டாயப்படுத்த முடியாது. 1974ல் வந்த சட்டம் அது. பொதுவாகப் பிள்ளை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் காட்டுவார்கள். ஃபீஸ் கட்டுகிற அப்பாவுக்கு இது கோபத்தைக் கிளப்பும்தான். ஆனால், பயந்துகொண்டு இரண்டு வருஷம் மறைத்து வைத்த மார்க்கைவிட, அழுதுகொண்டே முதல் செமஸ்டரில் காட்டிய மார்க்கைச் சரிசெய்வது எத்தனையோ சுலபம். மேலே போட்ட கணக்கே அதற்குச் சாட்சி. மறைக்கத் தோன்றாத வீடாக அது இருக்க வேண்டும்.

டிகிரியே முடிந்துவிட்டதா?

அதற்கும் வழி இருக்கிறது. முதலாவது, 'போஸ்ட்-பேக்' என்கிற டிகிரிக்குப் பிந்தைய படிப்பு. இதில் இரண்டு வகை உண்டு, பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வேறு துறையில் நல்ல மார்க்கு வாங்கியவர்கள் புதிதாக அறிவியல் பாடங்கள் படிப்பதற்கானது ஒன்று. பென்ஸில்வேனியாவிலுள்ள ப்ரின் மார் காலேஜ் நடத்துவது இந்த ரகம். அங்கே போய் மோசமான ஜி.பி.ஏ.வைக் காட்டினால் கதவு திறக்காது. மற்றது, ஏற்கெனவே அறிவியல் படித்து மார்க்கு குறைந்தவர்கள் மேல்நிலைப் பாடங்கள் எடுத்து மார்க்கைத் தூக்குவதற்கானது. இதைப் பெரிய பெயருள்ள இடத்தில்தான் செய்யவேண்டும் என்று இல்லை. வீட்டுக்குப் பக்கத்திலுள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாடம் பாடமாகப் பணம் கட்டியும் படிக்கலாம். செலவு குறையும். வீட்டுச் சாப்பாடும் கிடைக்கும்.

இரண்டாவது, மெடிக்கல் ஸ்கூல்களே நடத்தும் ஒரு வருஷ ஸ்பெஷல் மாஸ்டர்ஸ். வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம் நடத்துவது பிரபலம். முதல் வருஷ மெடிக்கல் மாணவர்கள் படிக்கும் பாடத்தையே இவர்களும் படிப்பார்கள். நன்றாகச் செய்தால், 'இந்தப் பிள்ளையால் மெடிக்கல் பாடத்தைத் தாங்க முடியும்' என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடையாது. ஆனால் இது இருபுறமும் கூர்மையான கத்தி! இதிலும் 'பி', 'சி' என்று வந்தால் அதற்கப்புறம் சொல்ல எதுவும் மிச்சம் இருக்காது. செலவும் அதிகம். பழைய ஜி.பி.ஏ.வையும் இது மாற்றாது. மாஸ்டர்ஸ் மார்க்கைத் தனியாகத்தான் காட்டுவார்கள். உடம்பும் மனசும் தேறி, படிக்கும் பழக்கம் கைக்கு வந்த பிறகே இதில் இறங்கலாம்.

டெக்ஸாஸ்காரர்களுக்கு மட்டும் ஒரு விசேஷ வசதி உண்டு. 'அகடமிக் ஃப்ரெஷ் ஸ்டார்ட்' என்ற அந்த மாநிலச் சட்டப்படி, பத்து வருஷத்துக்கு முந்தைய மார்க்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கேட்கலாம். அப்படிக் கேட்டால் அப்போது வாங்கிய நல்ல மார்க்குகளும் சேர்ந்தே போய்விடும். மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதுதான். முப்பது வயதுக்கு மேல் ஆசை துளிர்த்தவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

எம்கேட்: காப்பாற்றுமா?

எம்கேட் தேர்வு நாலு பகுதி. ஒவ்வொன்றுக்கும் 118-லிருந்து 132 வரை. மொத்தம் 472-லிருந்து 528, நடுப்புள்ளி 500. இடைவேளையெல்லாம் சேர்த்து ஏழரை மணி நேரம் உட்காரவேண்டும். 2023-24ல் எம்.டி. சேர்ந்தவர்களின் சராசரி 511-க்கும் 512-க்கும் நடுவே இருந்தது.

மார்க்கு குறைந்தவர்கள் இதையே மந்திரக்கோலாக நினைக்கிறார்கள். ஜி.பி.ஏ. 2.9 இருக்கும்போது எம்கேட்டில் 516 வாங்கினால் நிச்சயம் உதவும். ஆனால் தனியாக நின்று காப்பாற்றாது. 'மூளை இருக்கிறது, உழைப்பு இல்லை' என்றும் அதற்கு அர்த்தம் சொல்லலாம் அல்லவா? பழைய 'சி'க்குப் பிறகு வரிசையாக 'ஏ', கூடவே நல்ல எம்கேட் என்று இரண்டும் கைகோத்து வந்தால்தான் அந்தச் சந்தேகம் அடங்கும்.

ஆயுளில் ஏழு தடவைதான் எழுதலாம். ஒரு வருஷத்தில் மூன்று, அடுத்தடுத்த இரண்டு வருஷத்தில் நான்கு. எல்லா ஸ்கோர்களும் காலேஜ்களுக்குத் தெரியும். 'சும்மா எழுதிப் பார்க்கட்டும்' என்று அனுப்பும் சமாசாரம் அல்ல இது. மாதிரித் தேர்வுகளில் தேவையான ஸ்கோர் திரும்பத் திரும்ப வந்த பிறகே உண்மைத் தேர்வுக்குப் போகவேண்டும். ஒரு பகுதியில் அறிவியலே கிடையாது. தத்துவம், சரித்திரம், கலை என்று எதையாவது கொடுத்துப் படித்துப் புரிந்துகொள்ளச் சொல்வார்கள். இரண்டு வாரத்தில் மனப்பாடம் செய்து தேற முடியாத பகுதி அதுதான்.

ஆஸ்பத்திரி அனுபவம் விஷயத்தில் நம்மவர்கள் செய்வது ஒன்று உண்டு. அப்பாவின் சிநேகிதர் டாக்டர். அவர் கிளினிக்கில் நாலு நாள் உட்கார்ந்துவிட்டு வந்தால் ஆயிற்று என்று நினைப்பது. டாக்டர் வேலை செய்வதைப் பார்ப்பதும் தேவைதான். ஆனால் ஆம்புலன்ஸில் அவசர உதவியாளர் வேலை, டாக்டர் சொல்வதைக் குறிப்பெழுதும் 'ஸ்க்ரைப்' வேலை, இறுதிக்கட்ட நோயாளிகள் இல்லத்தில் தொண்டு என்று மாதக்கணக்கில் நோயாளிகளின் பக்கத்தில் இருந்த பிள்ளைதான் நேர்முகத்தில் நிமிர்ந்து பேசும். மார்க்கு ஏன் குறைந்தது என்று கேட்டால் இரண்டு மூன்று வாக்கியத்தில் உள்ளதைச் சொல்லி, அதற்குப்பின் என்ன செய்தேன் என்பதற்குப் போய்விடவேண்டும். பேராசிரியர்மேல் பழி போட ஆரம்பித்தால் காரியம் கெட்டது.

'டி.ஓ.'வா... எலும்பு டாக்டரா?

இல்லவே இல்லை. நம் ஊரில் 'ஆஸ்டியோபதி' என்றதும் ஏதோ எலும்பு வைத்தியம் என்று முகம் சுளிக்கிறார்கள். 1892ல் மிஸௌரி மாநிலத்துக் கிர்க்ஸ்வில் ஊரில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளியின் வழிவந்தது இந்தப் படிப்பு. இன்று அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களிலும் டி.ஓ. படித்தவர், எம்.டி. படித்தவர் மாதிரியே மருந்து எழுதலாம், ஆபரேஷன் செய்யலாம். 2020லிருந்து இருவருக்கும் ரெஸிடென்ஸி பயிற்சியும் ஒரே அமைப்பின் கீழ்தான். டிரம்ப் முதல் தடவை ஜனாதிபதியாக இருந்தபோதும், பிறகு பைடன் இருந்தபோதும் வெள்ளை மாளிகை டாக்டர்களாக இருந்த ஷான் கான்லி, கெவின் ஓ'கானர் இருவருமே டி.ஓ.க்கள்! சேர்கிறவர்களின் சராசரி ஜி.பி.ஏ. சுமார் 3.6. மார்க்குப் பட்டியல் பிற்பாதியில் ஏறியிருக்கும் பிள்ளைக்கு இது கௌரவமான, நேர்வழிக் கதவு. பின்னால் இந்தியா வந்து பிராக்டீஸ் செய்யும் எண்ணம் இருந்தால் மட்டும், அந்தப் பட்டம் இங்கே செல்லுமா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கரீபியன் தீவுகள். 'மார்க்கு பரவாயில்லை, உடனே ஸீட்' என்று வரும் விளம்பரத்தைப் பார்த்தவுடன் மனசு தடுமாறும். கிரெனடாவிலுள்ள செயின்ட் ஜார்ஜஸ் மாதிரி பல வருஷங்களாக நடக்கும் பள்ளிகள் உண்டு. அங்கே படித்து நல்ல நிலையில் இருக்கும் டாக்டர்களும் நிறைய. ஆனால் சேருவது சுலபம். முடித்து ரெஸிடென்ஸி பிடிப்பதுதான் பாடு. 2024ல் அமெரிக்காவிலேயே எம்.டி. முடிக்கும் மாணவர்களில் சுமார் 93 சதவிகிதம், டி.ஓ. மாணவர்களில் 92 சதவிகிதம் பேருக்கு ரெஸிடென்ஸி இடம் கிடைத்தது. வெளிநாட்டில் மருத்துவம் படித்த அமெரிக்கப் பிரஜைகளுக்கு 67 சதவிகிதம். அதுவும் கடைசிவரை வந்து விண்ணப்பித்தவர்களின் கணக்கு. நடுவிலேயே கழன்றுபோனவர்கள் இதில் இல்லை. ரெஸிடென்ஸி கிடைக்காத பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே டாக்டர் தொழில் பார்க்க முடியாது. கடன் மட்டும் வட்டியோடு நிற்கும். 'ஸ்டெப் ஒன்' தேர்வில் பெரிய ஸ்கோர் வாங்கி ஈடுகட்டுவது முன்பு இவர்களுடைய வழியாக இருந்தது. 2022 ஜனவரியிலிருந்து அதில் பாஸ், ஃபெயில் மட்டும்தான்.

ஆகவே, பள்ளியின் விளம்பரத்தில் எத்தனை சதவிகிதம் என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். ''முதல் வருஷம் சேர்ந்த நூறு பேரில் எத்தனை பேர் நாலு வருஷத்தில் முடித்தார்கள்?'' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் முன்பணம் கட்டவே வேண்டாம்.

''இங்கே கூட்டிட்டு வந்து என்.ஆர்.ஐ. கோட்டாவுல சேர்த்துடலாமே'' என்று தாத்தாக்கள் சொல்வது காதில் விழுகிறது. அதற்கும் நீட் பாஸாக வேண்டும். படித்துவிட்டுத் திரும்பிப் போனால் அங்கே அவனும் வெளிநாட்டில் படித்தவர்கள் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அவசரமும் கடனும்

விண்ணப்பம் மே மாதம் திறக்கும். சேருவது அதற்கு அடுத்த வருஷக் கோடையில். சீக்கிரம் அனுப்புகிறவர்களுக்குச் சாதகம். அதற்காகப் பாதி வெந்த விண்ணப்பத்தை அனுப்பக் கூடாது. ஒவ்வொரு காலேஜுக்கும் தனிக் கட்டணம் வேறு. நிராகரித்த இடத்துக்கு மறுவருஷம் போனால், 'போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் என்ன மாற்றம்?' என்று கேட்பார்கள். இத்தனை தடவைக்குமேல் விண்ணப்பிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு. அங்கே மெடிக்கல் ஸ்கூல் சேர்கிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் டிகிரி முடித்து ஒரு வருஷமாவது இடைவெளி விட்டுத்தான் சேர்கிறார்கள். 'ஒரு வருஷம் வேஸ்ட்' என்ற பேச்சு நம் ஊர்ப் பழக்கம்.

கிரீன் கார்டு வராத வீடுகள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அப்பாவின் ஹெச்-1பி விசாவோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு 21 வயதானால் அந்த விசா போய்விடும். மாணவர் விசாவுக்கு மாறிவிட்டால் வெளிநாட்டு மாணவர் கணக்கு. பல மெடிக்கல் ஸ்கூல்கள் வெளிநாட்டு மாணவர்களை எடுப்பதே இல்லை. எடுக்கும் இடங்களிலும் முழுப் பணத்துக்கும் ஆதாரம் கேட்கலாம். இந்த வீடுகளில் மார்க்கைவிட முதலில் பேசவேண்டியது விசா.

கடைசியாகப் பணம். கடன் வாங்கிப் படித்து முடிக்கும் டாக்டர்களின் தலைமேல் சுமார் இரண்டு லட்சம் டாலர் கடன் இருப்பது அங்கே சாதாரணம். இதுவரை, படிப்புச் செலவு எவ்வளவோ அவ்வளவையும் அரசிடமே கடன் வாங்க 'கிராட் ப்ளஸ்' என்ற திட்டம் இருந்தது. 2025ல் வந்த சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு அது கிடையாது. மெடிக்கல் மாணவருக்கு அரசுக் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2 லட்சம் டாலர் என்று உச்சவரம்பு. மாஸ்டர்ஸ் படிப்புக்கு வருஷத்துக்கு 20,500 டாலர்தான். மீதிக்குத் தனியார் கடன் என்றால் பெற்றோர்தான் உடன் கையெழுத்துப் போட வேண்டிவரும். எனவே, போஸ்ட்-பேக்கா, மாஸ்டர்ஸா என்று முடிவெடுப்பதற்கு முன்னால் காலேஜின் நிதியுதவி அலுவலகத்தில் மொத்தச் செலவையும், அதில் அரசுக் கடன் எவ்வளவு என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.